மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டில்: குடும்பத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோய்க்கு என்ன செய்வது என்பதை மருத்துவமனை எழுதித் தருகிறது. வீட்டில் என்ன செய்வது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரும் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கமாக உதவத் தொடங்குகிறார்கள். அந்தப் பதற்றத்தில் ஒன்று நடந்துவிடுகிறது: நோயுற்றவரைத் தவிர மற்ற எல்லோரும் முடிவெடுக்கிறார்கள். பாசத்தால் நேர்வதுதான். ஆனாலும் அது அவரைத் தனிமையில் தள்ளிவிடுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதைத் தடுப்பதற்காகவே. உடலும் செய்தியும் முடிவும் அவருடையவை. வேலையும் துணையும் நம்முடையவை.

மனைவிக்கோ அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் என்று அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயுற்றவருக்கென்றும் நடுவில் ஒரு பகுதி உண்டு.

படி 1: செய்தியை யாரிடம், எவ்வளவு சொல்வது

பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்த அன்றே உறவினர் அனைவருக்கும் போன் செய்யாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள்: யாருக்குச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம், அவரே சொல்கிறாரா, நீங்கள் சொல்ல வேண்டுமா. சிலர் நெருங்கிய இருவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம் என்பார்கள். சிலருக்கு எல்லோரிடமும் சொல்லிவிட்டால்தான் மனம் லேசாகும். இரண்டும் சரியே.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மருத்துவரைத் தனியே சந்தித்து, "அவருக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரப்போவது அவர். முடி உதிரப்போவது அவருக்கு. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருடன் பேசப்போவதும் அவர்தான். மறைத்து வைக்க முடியாது. மறைத்ததாகத் தெரிந்த பிறகு வீட்டில் யார் சொல்வதையும் அவரால் நம்ப முடியாமல் போகும். விவரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பது வேறு. "எண்களெல்லாம் எனக்கு வேண்டாம், அடுத்து என்ன என்று மட்டும் சொல்லுங்கள்" என்று அவரே சொன்னால், அது அவர் எடுத்த முடிவு.

இன்னொன்றையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரிசோதனைகளை முடிக்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும், ஓரிரு நாள் அழவும் நேரம் இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போடத்தான் நேரம் இல்லை.

படி 2: மருத்துவரைப் பார்க்கும்போது

அறைக்குள் ஒருவர் கூடச் செல்லுங்கள். கூட்டமாகச் செல்ல வேண்டாம். கூடச் செல்பவரின் வேலை எழுதிக்கொள்வது. அதிர்ச்சியில் இருப்பவருக்கு மருத்துவர் சொல்வதில் பாதிகூட மனதில் நிற்காது. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்வதும் நல்லது. பேச்சை அவரிடமிருந்து பறித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்க மறந்ததை மட்டும் கடைசியில் நினைவூட்டுங்கள்.

புற்றுநோயின் வகை என்ன, எந்த நிலை, புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் (இந்த ஹார்மோன்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்), செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுதியாகவும் உள்ளனவா என்று கேட்டு எழுதுங்கள். சிகிச்சையின் வரிசை பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது. சிலருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கீமோதெரபி தருவார்கள். அதைக் கேட்டதும் "அறுவைச் சிகிச்சையே செய்ய முடியாத நிலைக்குப் போய்விட்டதா" என்று வீட்டில் பயப்படுவதுண்டு. கட்டியைச் சுருக்கவும், மருந்துக்கு அது எப்படிக் கட்டுப்படுகிறது என்று பார்க்கவும் ஆரம்ப நிலைகளிலும் அப்படிச் செய்வது வழக்கம். இரவில் உடல்நிலை மோசமானால் எந்த எண்ணை அழைப்பது என்பதைக் கேட்காமல் அறையை விட்டு வராதீர்கள்.

குடும்பத்தில் பெரிய வாக்குவாதம் எழுவது அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான். "முழு மார்பகத்தையும் எடுத்துவிட்டால் நிம்மதி" என்று உறவினர்கள் வற்புறுத்துவார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர்கள் 1970-களில் தொடங்கிய ஆய்வுகள் இதே கேள்விக்குப் பதில் தேடியவை. இரண்டின் 20 ஆண்டு கால முடிவுகளும் 2002-இல் வெளியாயின. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்ற பெண்கள், முழு மார்பகத்தையும் அகற்றிக்கொண்ட பெண்கள் வாழ்ந்த அளவுக்கே வாழ்ந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தாலோ, பல இடங்களில் இருந்தாலோ, பிறவியிலேயே மரபணு மாற்றம் இருந்தாலோ மருத்துவர் வேறு விதமாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு வழிகளும் திறந்திருக்கும்போது எது வேண்டும் என்று சொல்லும் உரிமை கணவருக்கோ மாமியாருக்கோ அண்ணனுக்கோ இல்லை. அவர் முழுவதும் எடுத்துவிடலாம் என்று தீர்மானித்தாலும், மார்பக மறுசீரமைப்பு வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும் அதை விவாதப் பொருளாக்காதீர்கள்.

படி 3: பதில் சொல்ல ஒருவர்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தகவல் சொல்ல வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் வாரம் ஒருமுறை குழுச் செய்தி அனுப்பினால் போதும். அனுப்பும் முன் நோயுற்றவரிடம் காட்டுங்கள். கீமோதெரபி முடிந்து படுத்திருப்பவர் ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்லி, அழுபவர்களுக்கு ஆறுதலும் சொல்லும் நிலை வரக் கூடாது.

படி 4: சிகிச்சை நாட்காட்டியை வைத்து வேலையைப் பிரிப்பது

"ஏதாவது வேண்டுமானால் சொல்லு" என்பது நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்து, கூச்சத்தை விட்டுக் கேட்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை நான் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன், சரியா?" என்று கேளுங்கள். அவர் ஆம் அல்லது வேண்டாம் என்று சொன்னால் போதும்.

வேலையைப் பிரிப்பதற்குச் சிகிச்சை எப்படி நகரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை. சில மருந்துகள் வாரந்தோறும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் குமட்டலும் சோர்வும் மிகுதி. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் இரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கக்கூடும். அந்த நாட்களில் சளி, காய்ச்சல் உள்ள விருந்தினர்களை வர வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வருத்தத்தை அவர் சுமக்கக் கூடாது. வீட்டில் வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் காலை வரை காத்திருக்காமல், வீட்டு மாத்திரையால் காய்ச்சலை அடக்கிவிடாமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். இந்த வெப்ப அளவு வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

முடியை உதிர்க்கும் மருந்தாக இருந்தால், முதல் தவணைக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். முன்பே வெட்டிக்கொள்வதா, விக் வாங்குவதா, துணி கட்டுவதா, எதுவும் இல்லாமல் இருப்பதா என்பது அவர் விருப்பம். "முடிதானே, வளர்ந்துவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணாடியில் தன்னை அடையாளம் தெரியாமல் போவது சிறிய துயரம் அல்ல.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரவம் வடியும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பக்கூடும். அதைக் காலி செய்து அளவைக் குறிக்க ஒருவர் கற்றுக்கொள்ளுங்கள். தோள் இறுகிப்போகாமலிருக்கக் கைப்பயிற்சிகளைச் சொல்லித் தருவார்கள். கூட நின்று செய்ய ஒருவர் இருந்தால் அது தவறாமல் நடக்கும். கதிர்வீச்சு பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், ஒரு வாரத்திலிருந்து பல வாரங்கள் வரை. ஒவ்வொரு நாளும் சில நிமிடம்தான், ஆனால் தினமும் போய் வர வேண்டும். சோர்வு நாளுக்கு நாள் கூடி முடிவில்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், உதவிக்கு வருபவர்களில் பாதிப் பேரைக் கடைசி வாரங்களுக்காக ஒதுக்கி வையுங்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆள், நான்காம் மாதம் யாருமில்லை என்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அவரால் முடிந்த வேலைகளையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கணக்குப் பார்ப்பதோ, பிள்ளையின் பாடத்தைக் கேட்பதோ, அலுவலக வேலையில் ஒரு பகுதியோ, அவர் செய்ய விரும்பினால் செய்யட்டும். மெதுவான நடை போன்ற உடற்பயிற்சி புற்றுநோய்ச் சோர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. "படு, எழுந்திருக்காதே" என்று நாள் முழுவதும் கட்டளையிடுவது அக்கறைபோலத் தெரிந்தாலும் கெடுதலே செய்கிறது.

படி 5: பேச்சு

"தைரியமாக இரு, மனம் தளர்ந்தால் நோய் கூடும்" என்ற அறிவுரையை இன்றோடு நிறுத்துங்கள். 1989-இல் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் ஆய்வு ஒன்று, பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாக அமர்ந்து மனம் விட்டுப் பேசியபோது கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கூறியது. அது பெரும் நம்பிக்கையை எழுப்பியது. பின்னர் புற்றுநோய் மருத்துவர் பமீலா குட்வின் தலைமையில் நடந்து 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மனம் விட்டுப் பேசுவது வாழும் நாட்களைத் தாங்கக்கூடியதாக்குகிறது. ஆனால் அழுததால் நோய் முற்றியது என்று யார்மேலும் பழி போட இடமில்லை. அவர் அழட்டும், கோபப்படட்டும், சில நாள் பேசாமலும் இருக்கட்டும்.

அவர் "பயமாக இருக்கிறது" என்றால் "ஒன்றும் ஆகாது" என்று மூடிவிடாதீர்கள். "எதை நினைத்தால் அதிகப் பயம்?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கும். சாவைப் பற்றி இருக்கும் என்று நினைப்பீர்கள். ஊசி குத்தும்போது நரம்பு கிடைக்காததைப் பற்றியோ, மகளின் தேர்வைப் பற்றியோ இருக்கும். அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

குடும்பத்தார் தங்கள் பயத்தை எங்கே கொட்டுவது? உளவியலாளர் சூசன் சில்க், தமக்கே மார்பகப் புற்றுநோய் வந்தபோது கண்டதை வைத்து ஒரு எளிய விதியை வகுத்தார். பேரி கோல்ட்மனுடன் சேர்ந்து 2013-இல் அதை எழுதினார். நடுவில் நோயுற்றவர் பெயரை எழுதி ஒரு வட்டம் போடுங்கள். அதைச் சுற்றி அடுத்த வட்டத்தில் மிக நெருங்கியவர், அதற்கு வெளியே பிள்ளைகளும் பெற்றோரும், அதற்கும் வெளியே நண்பர்கள். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போக வேண்டும். புலம்பலும் பயமும் வெளிவட்டத்தை நோக்கித்தான் போக வேண்டும். கணவர் தம் நண்பரிடம் அழலாம். நண்பர் வந்து கணவரிடமோ மனைவியிடமோ அழக் கூடாது. எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் இதைத் தாளில் வரைந்து காட்டலாம்.

இதைப் படிப்பவர் நோயுற்றவரே என்றால்: வீட்டாரின் உதவியை மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு, கேட்பதற்கும் உண்டு. "இன்று நோயைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று சொல்லலாம். "யோசனை வேண்டாம், கேட்டால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசலாம். எல்லோரையும் தேற்றும் பொறுப்பை இவ்வளவு நாள் நீங்கள் சுமந்திருப்பீர்கள். சிகிச்சைக் காலத்தில் அதை இறக்கி வைத்தால் குடும்பம் உடைந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமின்றி, தூக்கமின்றி, வாழ்வதே வீண் என்று தோன்றினால் அது பலவீனம் அல்ல, சிகிச்சை உள்ள மனச்சோர்வு. புற்றுநோய் மருத்துவரிடமே சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

படி 6: கணவன் மனைவிக்குள்

தழும்பை முதல்முறை பார்ப்பது இருவருக்கும் கடினம். அவர் காட்டத் தயாராகும்வரை காத்திருங்கள். ஆனால் பார்க்க விருப்பமில்லாததுபோல் முகம் திருப்பாதீர்கள். பல கணவர்கள் "வலிக்குமோ, தொந்தரவாகுமோ" என்று விலகிப் படுக்கிறார்கள். மனைவியோ "என்னைப் பிடிக்கவில்லை" என்று அதைப் புரிந்துகொள்கிறார். ஒரே கேள்வி இதைத் தீர்க்கும்: "தொட்டால் வலிக்குமா, எங்கே தொடலாம்?" உடலுறவு இல்லாத மாதங்களிலும் கையைப் பிடித்துக்கொள்வதும் அணைத்துக்கொள்வதும் நிற்கக் கூடாது.

கீமோதெரபியாலும், ஹார்மோன் மாத்திரைகள் எனப்படும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளாலும் மாதவிடாய் நின்றுபோகலாம். திடீரென உடல் சூடாகி வியர்ப்பது, பிறப்புறுப்பு வறட்சி, ஆசைக் குறைவு ஆகியவை வரலாம். இவை மருந்தின் விளைவுகள், அன்பு குறைந்ததன் அடையாளம் அல்ல. வறட்சிக்கு ஹார்மோன் இல்லாத களிம்புகளும் வழுக்குத் திரவங்களும் உள்ளன. கூச்சப்படாமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. தடுப்புக்கு ஹார்மோன் இல்லாத முறையே வேண்டும். கீமோதெரபி ஏற்றிய அடுத்த சில நாட்களுக்கு ஆணுறை பயன்படுத்தச் சொல்வார்கள்.

குழந்தை பெற விரும்பும் இளம் தம்பதியர் சிகிச்சை தொடங்கும் முன்பே கருமுட்டையையோ கருவையோ உறையவைப்பது பற்றிக் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கலாம். ஹார்மோன் மாத்திரையை 18 முதல் 30 மாதங்கள் எடுத்துவிட்டுக் கர்ப்பத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்திய பெண்களிடம், முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-இல் வெளியான பாசிட்டிவ் ஆய்வு காட்டியது. "இனிமேல் குழந்தை என்ற பேச்சே கூடாது" என்று பெரியவர்கள் தீர்ப்பளிக்க அவசியமில்லை.

படி 7: பிள்ளைகளிடம்

பிள்ளைகளுக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர்களே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாக. சிறு குழந்தைகள் "நான் அடம் பிடித்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது" என்றே நம்புவதுண்டு. ஆகவே மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இது உன்னால் வந்ததல்ல, இது தொட்டால் ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார்கள். "புற்றுநோய்" என்ற பெயரையே பயன்படுத்துங்கள். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், தனக்குச் சளி பிடித்தாலும் அதே நோய் என்று குழந்தை பயப்படும்.

வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சால் அம்மாவின் உடலில் கதிர்வீச்சு தங்காது. சிகிச்சை முடிந்து வந்ததும் மடியில் உட்காரலாம். சில ஸ்கேன்களுக்குப் பின் மட்டும் சில மணி நேரம் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கச் சொல்வார்கள். முடி உதிரும் முன்பே அதைச் சொல்லிவையுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் தெரிவியுங்கள்.

பதின்பருவத்தினர் வேறு மாதிரி. அவர்கள் விலகிப்போவது, கோபப்படுவது, நண்பர்களோடே இருப்பது அக்கறையின்மை அல்ல. வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள், ஆனால் மூத்த மகளை இன்னொரு அம்மாவாக ஆக்கிவிடாதீர்கள். அவள் படிப்பும் விளையாட்டும் நடந்தாக வேண்டும். "அம்மா செத்துவிடுவாளா?" என்று எந்த வயதில் கேட்டாலும் பொய் சொல்லாதீர்கள். "குணப்படுத்தத்தான் மருத்துவர்கள் முயல்கிறார்கள். நிலைமை மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டோம்" என்று சொல்லி, சொன்னபடி நடங்கள்.

படி 8: பெற்றோர், உடன்பிறந்தோர், இரத்த உறவுகள்

வயதான அம்மாவின் குற்ற உணர்வு தனி வகை. "என்னிடமிருந்துதான் வந்ததோ" என்று அவர் உருகுவார். மரபுவழி மரபணு மாற்றத்தால் வருபவை மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. இவ்வகையில் முக்கியமான பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தந்தை வழியிலும் வரும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிதாக. பரிசோதனை தேவையா என்பதை மரபணு ஆலோசகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாற்றம் இருப்பது தெரிந்தால் உறவினர்களுக்குச் சொல்வது அவர்கள் உயிரைக் காக்கக்கூடும். சொல்வதற்கு நோயுற்றவரிடம் ஒப்புதல் பெறுங்கள்.

மாற்று மருத்துவம், உணவுக் கட்டுப்பாடு என்று ஆளுக்கொரு யோசனையோடு உறவினர்கள் வருவார்கள். எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்; சில மூலிகைகளும் மாத்திரைகளும் புற்றுநோய் மருந்தோடு மோதும். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் எந்த யோசனையையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

படி 9: கவனித்துக்கொள்பவரைக் கவனிப்பது

முழுப் பாரத்தையும் ஒருவரே தூக்கினால் சில மாதங்களில் அவர் எரிச்சலும் தூக்கமின்மையுமாக மாறிவிடுவார். அந்த எரிச்சல் நோயுற்றவர்மேல்தான் விழும். வாரத்தில் அரை நாளாவது அவருக்கு விடுமுறை கொடுங்கள். அவரும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய சொந்த மருத்துவப் பரிசோதனைகள் தள்ளிப்போகக் கூடாது.

படி 10: சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கதிர்வீச்சோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பம் பெருமூச்சு விடுகிறது. அவருக்கோ அப்போதுதான் பயம் தொடங்குகிறது. இதுவரை வாரந்தோறும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்தைய நாட்களில் தூக்கம் வராது. "இன்னுமா அதையே நினைக்கிறாய்?" என்று கேட்காமல், பரிசோதனை நாளில் விடுப்பு எடுத்துக் கூடச் செல்லுங்கள்.

சோர்வும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். பெயர் மறந்தது, பாலை அடுப்பில் விட்டது என்று கேலி செய்யாதீர்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கை பல ஆண்டுகள் கழித்தும் வீங்கக்கூடும். மோதிரம் இறுகுவதோ, கை கனப்பதோ தெரிந்தவுடன் காட்ட வேண்டும். ஹார்மோன் ஏற்பி உள்ள புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தொடரும். மூட்டு வலியாலும் திடீர் உடல் சூட்டாலும் சிலர் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். திட்டினால் மறைப்பார், மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

படி 11: நோய் பரவியிருந்தால்

எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற இடங்களுக்குப் பரவிய நோயைப் பொதுவாக முழுமையாகக் குணப்படுத்த முடிவதில்லை. ஆனால் சிகிச்சை உண்டு. பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். வலி தணிப்புப் பராமரிப்பைக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்தே அதைத் தொடங்கலாம். வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அந்தப் பராமரிப்புக் குழுவிடம் வழி உண்டு.

அவர் பேசத் தயாராக இருக்கும் நாளில், அவசரம் வரும் முன்பே, சிலவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள்: தன்னால் சொல்ல முடியாதபோது யார் முடிவெடுக்க வேண்டும், வீட்டில் இருக்க விருப்பமா மருத்துவமனையிலா, எந்தச் சிகிச்சை வேண்டாம், பிள்ளைகளைப் பற்றி என்ன விருப்பம், வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் எங்கே. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். அவர் பின்னால் மனம் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அதன் நகலை மருத்துவரிடமும், முடிவெடுக்கப்போகும் அந்த ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள்.